ரிச்சர்டின் மார்க்கவசம்: ஒரு ஜிகினா படத்தைத் திறந்தபோது நடந்தவை

லண்டனில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், சுமார் 180 ஆண்டு பழைய நாடக நடிகர் படம் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அந்தப் படத்துக்கு அதன் பிறகு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வாங்கியவர் அவர். படத்தின் மரச்சட்டத்தைத் திறக்கலாம் என்று சொன்னவன் நான். அதனால் ஏற்பட்ட நஷ்டத்தில் என் பங்கு பெரிது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். இந்தக் கட்டுரையில் அவர் 'அக்கா'. நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

பின்னணி

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டன் நாடகக் கொட்டகைகளை ஒட்டியிருந்த சின்னச் சின்ன அச்சுக் கடைகளில் நடிகர்களின் படங்கள் விற்பனைக்குத் தொங்கின. கதாபாத்திர வேடத்தில் வாளை ஓங்கி, ஒரு காலை முன்னால் வைத்து நிற்கும் முழு உருவங்கள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவை. சாதாப் படம் ஒரு பென்னி, கையால் வண்ணம் பூசியது இரண்டு பென்னி. வில்லியம் வெஸ்ட் 1811 முதல் இந்தத் தொழிலில் இருந்தார். ஸ்ட்ராண்ட் பக்கம் எக்ஸ்டர் தெருவில் கடை வைத்திருந்தவர், பிறகு ஒலிம்பிக் நாடகக் கொட்டகைக்கு எதிரே விச் தெருவுக்கு இடம் மாறினார். ஸ்கெல்ட், பார்க், கிரீன், ரெடிங்டன் என்று அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே வந்தது.

படத்தை வாங்கிப் போனவர்கள் வீட்டில் உட்கார்ந்து அதை அலங்கரித்தார்கள். அதைத்தான் ஆங்கிலேயர் டின்சல் பிரிண்ட் என்கிறார்கள். நமக்கு ஜிகினா என்ற சொல் கைவசம் இருக்கிறது, அதையே பயன்படுத்துகிறேன். மெல்லிய உலோக ரேக்கில் அச்சுளி வைத்துத் தட்டிய நட்சத்திரம், புள்ளி, வாள், தலைக்கவசம், இடுப்புப்பட்டை எல்லாம் சிறு பொட்டலங்களாகக் கடையில் கிடைத்தன. வாங்கிவந்து ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். சிலர் அங்கி இருக்கும் இடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, பின்னாலிருந்து பட்டோ வெல்வெட்டோ வைப்பார்கள். தொப்பியில் நிஜ இறகு செருகுவதும் உண்டு. வேலையை முடித்துக் கொடுக்கும் கடைகளும் இருந்தன. ஆக, அச்சு ஒருவருடைய வேலை, வண்ணம் இன்னொருவருடையது, ஜிகினா மூன்றாமவருடையது. ஒரே தகட்டில் அடித்த 2 படங்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. இந்தப் படங்கள் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு முதல் காரணம் இதுதான்.

அக்காவின் காரணம் வேறு. அவர் காரைக்குடிப் பக்கம் பிறந்தவர். தாத்தா வீட்டு முகப்பில் ரவி வர்மா லட்சுமி படம் ஒன்று தொங்கியதாம். புடவை முழுக்கச் சரிகையும் சம்கியும் வைத்து ஆச்சி கையால் தைத்திருக்கிறார். ரவி வர்மா அச்சகம் தொடங்கியது 1894-இல். லண்டன் ஜிகினா படங்களின் காலம் அதற்குள் முடிந்துபோயிருந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் எனக்குத் தெரியாது. அச்சடித்த தாளை வாங்கிவந்து சொந்தக் கையால் உடுத்திப் பார்க்கும் ஆசை மட்டும் இரண்டு இடத்திலும் இருந்திருக்கிறது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முதல்முறை ஒரு ஜிகினா நடிகரைப் பார்த்தபோது, "எங்க ஆச்சி வேலை மாதிரியே இருக்கு தம்பி" என்றார். அடுத்த 6 வருடத்தில் 11 படங்கள் சேர்த்துவிட்டார். நான் அவருக்கு முன்பிருந்தே சேர்ப்பவன். அதனால் எதை வாங்குவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

வாங்கியது

12-ஆவதாக வந்தது நடிகர் எட்மண்ட் கீன், ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு வேடத்தில். 1814 ஜனவரி 26 அன்று டிரூரி லேன் மேடையில் ஷைலக்காக அறிமுகமாகி, அடுத்த மாதமே ரிச்சர்டாக நடித்து லண்டனைக் கலக்கிய மனிதர். குட்டையான உருவம். 1833 மார்ச்சில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருக்கும்போதே மகனின் கைகளில் சரிந்து விழுந்தார். மே மாதம் இறந்துபோனார். அவர் போன பிறகும் அவர் படங்களுக்குக் கிராக்கி குறையவில்லை.

மாவட்ட ஊர் ஒன்றின் ஏல நிறுவனம் இணையத்தில் பட்டியல் போட்டிருந்தது. விவரத்தில் '1820கள், அசல் ஜிகினா, அசல் மேப்பிள் சட்டம்' என்று இருந்தது. புகைப்படம் ஒன்றே ஒன்று, அதுவும் நேர் எதிரே நின்று எடுத்தது. மார்க்கவசம் பளபளவென்று மின்னியது. அக்காவுக்கு அந்த மினுமினுப்பே பிடித்துப்போயிற்று. எனக்கும்தான். அந்த வயதுள்ள ஒரு வெள்ளி ரேக்கு அப்படி மின்னுமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொருளின் நிலைமை பற்றி எழுத்தில் அறிக்கை கேட்கும் வசதி இருந்தது. அதையும் கேட்கவில்லை.

ஏலத்தொகை 380 பவுண்டு. 25 சதவீதக் கமிஷன் 95, அந்தக் கமிஷனுக்கு வரி 19. மொத்தம் 494 பவுண்டு.

வந்தபோது கண்டது

பெட்டியைப் பிரித்த அன்று மாலை நானும் போனேன். கண்ணாடி வழியாகவே சில விஷயங்கள் தெரிந்தன. இடுப்புப்பட்டையிலும் கேடயத்திலும் இருந்த மஞ்சள் ரேக்கின் ஓரங்களில் களிம்பு ஏறியிருந்தது. வீட்டுச் செம்புப் பாத்திரத்தில் வருமே, அதே பச்சை. ஒரு இடத்தில் அந்தப் பச்சை தாளுக்குள் ஊறி, ரிச்சர்டின் சிவப்பு அங்கியில் மிளகளவு கறையாகப் பரவியிருந்தது. ஜிகினா கண்ணாடியில் நேராக முட்டிக்கொண்டிருந்தது, இடைவெளியே கிடையாது. ஒரு நட்சத்திரம் கழன்று சட்டத்தின் அடிக்கட்டையில் கிடந்தது. வெற்றுத் தாளில் காபி நிறப் புள்ளிகள்.

அடியில், உள்சட்டத்தின் தங்க ஓரத்தில் பாதி மறைந்தபடி, பதிப்பாளர் பெயர் தெரிந்தது. ஸ்கெல்ட், ஸ்வான் தெரு, மினரீஸ். ஏலப் பட்டியல் மீது எங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது இதைப் பார்த்துத்தான். ஸ்கெல்ட் குடும்பம் தொழிலுக்கு வந்ததே 1830களில். 1820களின் படத்தில் அந்தப் பெயர் இருக்க வழியில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துப் பழி சொல்லவும் முடியாது. இந்தத் தொழிலில் தகடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒருவர் கடையை மூடினால் இன்னொருவர் தகடுகளை வாங்கி, பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைச் செதுக்கிக்கொள்வார். கிரீனின் தகடுகள் ரெடிங்டனிடம் போயின. ரெடிங்டனுக்குப் பின் மருமகன் பெஞ்சமின் பொல்லக்கிடம் வந்தன. படத்தில் இருக்கும் பெயரை வைத்து, எப்போது அச்சடித்தது என்று ஓரளவு சொல்லலாம். எப்போது செதுக்கியது என்று சொல்ல முடியாது.

முதல் முடிவு: திறப்பது

அன்று மூன்று வழிகள் இருந்தன. அப்படியே மாட்டிவைக்கலாம். பட்டியலில் ஆண்டு தவறு என்று உடனே ஏல நிறுவனத்துக்கு எழுதலாம். சட்டத்தைத் திறந்து உள்ளே பார்க்கலாம்.

திறக்கலாம் என்றேன். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. களிம்பு உயிரோடு இருந்தது. உலோகம் கண்ணாடியில் முட்டும் இடத்தில் ஈரம் தங்கும், களிம்பு வளரும், பிறகு தாள் அரிக்கும். பின்பலகை பைன் மரம். அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். தள்ளிப்போட்டால் படத்துக்குக் கெடுதல்தான். இது எல்லாமே சரியான வாதம். ஆனால் அன்றைக்கே, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நானே திறக்க வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அது ஆசையிலிருந்து வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு.

முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்தோம். பின்னால் ஒட்டியிருந்த பழுப்புத் தாள் பட்டையைக் கீறி எடுத்தேன். அதற்குக் கீழே செய்தித்தாள் துண்டு ஒன்று. அதில் வானொலி நிகழ்ச்சிப் பட்டியல் அச்சாகியிருந்தது. பிபிசி ஒலிபரப்பு தொடங்கியதே 1922-இல். அப்படியென்றால் இந்தச் சட்டத்தை அதற்குப் பிறகு யாரோ ஒருமுறை பிரித்து மூடியிருக்கிறார்கள். ஆணிகளும் அதையே சொல்லின. இப்போது இருந்தவை உருண்டைக் கம்பி ஆணிகள். பக்கத்திலேயே பழைய வெட்டாணிகள் இருந்த சதுர ஓட்டைகள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். பெட்டியை மூடி, படம் எடுத்து, ஏல நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கலாம். நான் கண்ணாடியைத் தூக்கினேன்.

மூன்று நட்சத்திரங்கள் கண்ணாடியோடு வந்துவிட்டன. பழைய பசையோ, களிம்போ, இரண்டும் சேர்ந்தோ அவற்றைக் கண்ணாடியில் இறுக்கியிருந்தன. ஒரு நட்சத்திரத்தின் அடியில் சிவப்பு வண்ணமும் தாளின் மேல்தோலும் உரிந்து ஒட்டியிருந்தன. நகக்கண் அளவு இடம். ரிச்சர்டின் தோளில் வெள்ளையாக ஒரு காயம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கையுறை எடுத்துவந்து, "இனிமே தொடாதீங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்று அதோடு நிறுத்தினோம்.

உள்ளே கண்டது

இரண்டு நாள் கழித்து, எதையும் தொடாமல், புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். மார்க்கவசத்தின் வெட்டு ஓரம் நெடுக நீல வெள்ளையில் கோடு மாதிரி ஒளிர்ந்தது. மற்ற ஜிகினா எதிலும் அது இல்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மார்க்கவசத்தின் ரேக்கு பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் தாள் ஒட்டிய ரகம். சாக்லேட்டுக்கோ சிகரெட்டுக்கோ சுற்றிவரும் அலுமினியத் தாள். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர் ரசாயனங்கள் காகித ஆலைகளில் பரவலானது 1950 வாக்கில். அலுமினியத் தாளே 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அது கறுக்காது, களிம்பு ஏறாது. ஏலப் படத்தில் நம்மை மயக்கிய மினுமினுப்பு இதுதான்.

ஆனால் முழுப் படமும் அப்படியில்லை. இடுப்புப்பட்டை, கேடயம், தலைக்கவசத்தின் முன்பட்டை மூன்றும் களிம்பேறிய செம்புக் கலவை ரேக்கு. அச்சுளியின் கோடுகள் கூர்மையாக இருந்தன. ஒட்டிய பசை தேன் நிறத்தில் கண்ணாடிபோல் வெடித்திருந்தது, தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம் மாதிரி. மார்க்கவசத்தின் பசையோ நம் வீட்டு வெள்ளைப் பசை, காய்ந்தால் தோல்போல வளையும் ரகம்.

இந்த வித்தியாசத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. யாரோ ஒருவர், 1950க்குப் பிறகு, மார்க்கவசம் உதிர்ந்துபோன ரிச்சர்டைப் பார்த்துப் பொறுக்காமல், வீட்டில் கிடந்த மிட்டாய்த் தாளை விரலால் நீவி, ஓரம் பிசகாமல் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். கழுத்து வளைவில் கத்தரி மூன்று முறை நின்று நின்று போயிருக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் இவ்வளவு மலிவான தாளை எடுக்க மாட்டார். சொந்தப் படத்தைச் சரிசெய்தவர் வேலை அது என்பது என் எண்ணம். அக்காவும் அப்படித்தான் நினைத்தார்.

ஏல நிறுவனத்தின் பதில்

அக்கா எல்லாப் புகைப்படங்களையும் வைத்துக் கடிதம் எழுதினார். ஆண்டு தவறு, 'அசல் ஜிகினா' என்பதும் பாதிதான் சரி, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பதில் மரியாதையாகவே வந்தது. பட்டியலில் உள்ளது தங்கள் கருத்து மட்டுமே, நிலைமை அறிக்கை கேட்கப்படவில்லை, முக்கியமாகச் சட்டம் பிரிக்கப்பட்டுப் பொருள் சேதமடைந்திருக்கிறது, எனவே ஏற்பதற்கில்லை என்றார்கள்.

முதல் இரண்டு காரணங்களோடு வாதாடலாம். மூன்றாவதோடு முடியாது. சேதம் எங்கள் கையால் நடந்தது.

பிற்பாடு ஒரு சோதனை செய்து பார்த்தோம். படத்துக்கு மேலே, தொடாமல், அந்தப் பழைய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தோம். மார்க்கவச ஓரம் கண்ணாடி வழியாகவே ஒளிர்ந்தது, கொஞ்சம் மங்கலாக. பெட்டி வந்த அன்றே, எதையும் திறக்காமல், 1 நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய உண்மை. டார்ச் அன்று என் வீட்டு மேசை இழுப்பறையில் இருந்தது.

இரண்டாவது முடிவு: பிய்ப்பதா, விடுவதா

இனி படம் அக்காவுடையதுதான். அதை என்ன செய்வது?

அக்காவின் முதல் விருப்பம், மிட்டாய்த் தாளை எடுத்துவிட்டு, பழைய முறையில் புள்ளி தட்டிய ரேக்கைத் தானே ஒட்டுவது. கை வேலையில் அவர் கெட்டிக்காரர். நானும் அதற்கு ஆதரவாகத்தான் இருந்தேன். அசல் செம்பு ரேக்குகளுக்கு நடுவே அலுமினியம் உறுத்தியது.

காகிதப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் எடுத்துப்போனோம். அவர் அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். மார்க்கவசத்தின் இடது ஓரம் ஏற்கெனவே விட்டிருந்தது. அங்கே மெல்லிய தகட்டுக் கரண்டியை நுழைத்து, ரேக்கைக் கதவு மாதிரி கொஞ்சம் தூக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அடியில் பழைய வண்ணத்தின் மேல் வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் பழுப்புப் பசைப் பொட்டு. மீன் செதில் மாதிரி ஒன்றின் இடைவெளியில் அடுத்தது. தூக்கிய அந்தச் சிறு இடத்திலேயே அக்கா 64 எண்ணினார். முதல் மார்க்கவசம் அங்கே இருந்தது. உதிர்ந்துபோயிருந்தாலும் அதன் தடம் தாளில் அப்படியே இருந்தது.

வல்லுநர் சொன்ன காரணங்கள் நேரானவை. மிட்டாய்த் தாளைப் பிய்த்தால் அடியிலுள்ள வண்ணமும் தடமும் சேர்ந்து வரும், தோளில் நடந்ததைப் பார்த்தீர்கள். ஈரம் காட்டி இளக்கலாம் என்றால் வண்ணங்கள் தண்ணீரில் கரைபவை, வஜ்ஜிரமும் இளகும், நல்ல ரேக்குகளும் கழன்றுவிடும். அப்படியே எடுத்தாலும், எடுத்த இடத்தில் வைக்கப்போவது இன்னொரு புது ரேக்கு. ஒரு பழுதுபார்ப்பை அழித்து அதன் மேல் இன்னொன்று. முதலாவதற்குக் குறைந்தது அரை நூற்றாண்டு வயதாவது இருக்கிறது.

கடைசி வாக்கியம் என்னை அசைத்தது. இந்தப் படங்களில் 'அசல்' என்ற சொல்லை நான் எவ்வளவு அலட்சியமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறேன்! ஜிகினா படம் கடையில் முடிந்த பொருளே இல்லை. வாங்கியவர் கை படாமல் அது பாதிதான். 1840-இல் நட்சத்திரம் ஒட்டிய சிறுவனை மதிக்கிறோம் என்றால், பிற்காலத்தில் மிட்டாய்த் தாள் ஒட்டியவரையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்பதுதான் தப்பு. கூடவே இருப்பது தப்பில்லை.

அக்கா யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு விட்டுவிடலாம் என்றார்.

செய்த வேலை

கெடுதல் செய்வதை மட்டும் எடுப்பது என்று முடிவானது. களிம்பை நுண்ணோக்கியின் கீழ் மரக்குச்சியாலும் மென்தூரிகையாலும் உலர்ந்தபடியே சுரண்டினார்கள், தண்ணீரோ மருந்தோ படவில்லை. தாளில் ஊறிய கறையை அப்படியே விட்டார்கள். பின்னால் யாரோ ஒட்டியிருந்த செல்லோடேப் துண்டுகளை எடுத்தார்கள். படம் மெல்லிய அட்டையில் முழுதாக ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பிரிக்க ஈரம் வேண்டும் என்பதால் தொடவில்லை. ஆகவே தாளின் வயதைச் சொல்லக்கூடிய நீர்க்குறி இருக்கிறதா என்று இன்றுவரை பார்க்க முடியவில்லை. பைன் பலகைக்குப் பதிலாக அமிலமில்லாத அட்டை. கண்ணாடிக்கும் ஜிகினாவுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி வரும்படி உள்ளே மறைவான கட்டைகள். பழைய மேப்பிள் சட்டம் அப்படியே இருந்தது. வானொலிப் பட்டியல் துண்டும் உறையிலிடப்பட்டுச் சட்டத்தின் பின்னால் போனது. செலவு 310 பவுண்டு.

வல்லுநர் இன்னொன்றும் சொன்னார். ரிச்சர்டின் காலடியில் இருக்கும் புல்லின் அழுத்தமான பச்சை, அந்தக் காலத்து எமரால்டு பச்சையாக இருக்கலாம், அதில் ஆர்சனிக் உண்டு. சட்டம் திறந்திருக்கும்போது கையுறை போடுங்கள், அதே மேசையில் சாப்பிடாதீர்கள் என்றார். நாங்கள் முதல்நாள் திறந்தது சாப்பாட்டு மேசையில் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னார்.

பிறகு நடந்தது

மார்க்கவசம் ஒட்டும் ஆசை அக்காவை விடவில்லை. படத்தின் வண்ண நகல் ஒன்றைத் தடித்த தாளில் எடுத்து, அதில் செய்துபார்த்தார். பித்தளை ரேக்கைத் தோல் துண்டின் மேல் வைத்து, முனை மழுக்கிய பின்னல் ஊசியால் பின்பக்கமிருந்து அழுத்தினால் புள்ளி எழும்பும். அதிகம் அழுத்தினால் ஓட்டை. கத்தரித்து எடுத்தால் ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதையளவு. 64 புள்ளிகளுக்கு மூன்று மாலை ஆயிற்று. வரிசை கோணாமல் ஒட்ட, கீழ் வரிசையிலிருந்து மேலே போக வேண்டும் என்பதை இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார். பழைய தடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மேல் வரிசைக் குழிகள் கீழ் வரிசையின் விளிம்பில் ஏறியிருக்கின்றன. இதை வல்லுநர்கூடக் கவனித்திருக்கவில்லை. ஒட்டிப் பார்த்த கைதான் கண்டது.

அந்த நகல் இப்போது அசலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, அடியில் தேதியோடும், நகல் என்ற குறிப்போடும். ஜன்னலில்லாத நடைபாதைச் சுவர், விளக்கு தேவைப்படும்போது மட்டும்.

அதற்குப் பிறகு 13-ஆவது படத்துக்கு வாய்ப்பு வந்தது. டி. பி. குக், மாலுமி வில்லியம் வேடத்தில். 1829-இல் சர்ரே நாடகக் கொட்டகையில் அவரைப் பெரும்புகழுக்கு ஏற்றிய பாத்திரம் அது. இந்த முறை அக்கா நிலைமை அறிக்கை கேட்டார். பக்கவாட்டு ஒளியில் ஒன்று, பின்பலகை ஒன்று, பதிப்பாளர் பெயர் ஒன்று என்று புகைப்படம் கேட்டார். அனுப்பினார்கள். நீலச் சட்டையில் ஒட்டியிருந்த ஜிகினா பொத்தான்கள் எல்லாம் ஒரே மாதிரி புதுப் பளபளப்பு. அக்கா ஏலத்தில் கை தூக்கவில்லை. வேறு யாரோ எடுத்துப் போனார்கள்.

மறுபடி செய்தால்

அறிக்கை கேட்காமல் ஏலத்தில் இறங்க மாட்டோம் என்பது வெளிப்படை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வந்த அன்று, கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே பார்க்கக்கூடியது இன்னும் நிறைய இருந்தது. சாய்ந்த ஒளி, புற ஊதா, ஆணி ஓட்டை, பதிப்பாளர் பெயர், எந்த ரேக்கு கறுத்திருக்கிறது, எது கறுக்கவில்லை என்ற ஒப்பீடு. இவை எதற்கும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க வேண்டாம். இத்தனையும் செய்து எழுதி வைத்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை சட்டத்தைத் தொடாமல் இருப்பேன். களிம்பு அந்தச் சில வாரத்தில் படத்தைத் தின்றுவிடாது. அது பல பத்தாண்டுகளாக அங்கே இருந்தது.

திறக்கும்போது கண்ணாடியை மேலே தூக்க மாட்டேன். முகம் கீழாகக் கவிழ்த்து வைத்து, தாளைக் கண்ணாடியிலிருந்து விடுவிப்பதுதான் முறை என்று வல்லுநர் காட்டினார். எங்கே ஒட்டியிருக்கிறது என்று பின்னாலிருந்து தாளின் இழுப்பிலேயே தெரிந்துவிடும். அதையும் நானே செய்ய மாட்டேன்.

படத்தின் பின்னால் அக்கா கையெழுத்தில் ஒரு சீட்டு இருக்கிறது. அச்சு ஸ்கெல்ட், 1830கள் அல்லது 1840கள். பட்டை, கேடயம், தலைக்கவசம் பழைய ரேக்கு. மார்க்கவசம் அலுமினியம், 1950க்குப் பிறகு. அடியில் முதல் மார்க்கவசத்தின் தடம். களிம்பு நீக்கிய தேதி, செய்தவர் பெயர். கண்ணாடியோடு வந்த மூன்று நட்சத்திரங்களில் இரண்டைத் திரும்ப ஒட்ட முடிந்தது. மூன்றாவதை ஒட்டத் தாளில் தோல் இல்லை. அது சிறிய உறையில், சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறையின் மேல், வலது தோள், பழைய ரேக்கு, திறக்கும்போது கழன்றது என்று எழுதி, என் பெயரையும் தேதியையும் போடச் சொன்னேன். போட்டிருக்கிறார்.